படத்திலும் கழிவு போட்டவர்

எங்கள் தேயிலைக் குழுவின் வெப்சைட்டில் முதல் படமாக முருகப்பெருமானைத்தான் போட வேண்டும் என்று நான் சொன்னபோது அதைச் செய்து கொடுக்க வந்தவர் திருப்பிக் கேட்டது, "எவ்வளவு எடை?"

சாமி படத்துக்கு எடை கேட்ட மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பழனி அடிவாரத்தில் வாங்கி, கண்ணாடி போட்டு, கல்யாணமான வருடத்திலிருந்து பூஜை அறையில் வைத்துக் கும்பிடுகிற ராஜ அலங்காரப் படம் அது. அதைப் போனில் எடுத்து அவரிடம் நீட்டியிருந்தேன். அவர் சாமி முகத்தைப் பார்க்கவே இல்லை. எதையோ அழுத்தி, உள்ளே எழுதியிருந்த எண்ணைப் படித்தார்.

"அஞ்சு எம்பி. இவ்வளவு பாரம் ஆகாது தங்கச்சி."

"முருகன் பாரமாங்ணா?"

"முருகன் இல்ல. படம்."

அவரோடு நான் பேசிய பேச்செல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் முடியும். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது, பொறுத்துக்கொள்ளவும் முடியாது.

எங்கள் ஊர் கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேல்புறம். ஊரில் அவருக்குக் கழிவுக்காரர் என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணா என்போம், அந்தப்பக்கம் திரும்பினால் கழிவுக்காரர். குன்னூர்ப் பக்கத்துப் பேக்டரி ஒன்றுக்கு எங்கள் ஊர் இலையை எடை போட்டு வாங்குவது அவர் வேலையாக இருந்தது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, தராசு, நோட்டு. மழை நாளில் பறித்த இலையில் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு என்று எடையில் குறைத்து எழுதுவார்கள். அதுதான் கழிவு. மற்ற எடைக்காரர்கள் மூட்டையை மேலாகப் பார்த்துவிட்டு ஒரு குத்துமதிப்பாகக் கழிப்பார்கள். இவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு மூட்டையின் அடிவரைக்கும் கையை விடுவார். காய்ந்த இலையை மேலேயும் நனைந்த இலையை அடியிலேயும் வைத்துக் கட்டுகிற எங்கள் கெட்டிக்காரத்தனம் அவரிடம் ஒரு நாளும் செல்லவில்லை.

ஒரு ஆடி மாதம். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நானே மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி வந்தேன். புடவை பிழிந்தால் குடம் தண்ணீர் வரும். அவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். கழிவைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்ணா, கண்ணு தெரியலீங்களா? நானே நனைஞ்சுட்டுத்தானுங்க வந்திருக்கறேன்."

"உங்கள நான் எடை போடல தங்கச்சி. மூட்டையத்தான் போட்டேன்."

நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மட்டும் அவர் இப்படி இல்லை. பேக்டரி முதலாளியின் மச்சினன் ஒருவருக்கும் எங்கள் பக்கம் தோட்டம் இருந்தது. ஒரு நாள் அவர் இலைக்கும் எங்களுக்குப் போட்ட அதே கழிவைப் போட்டுவிட்டார். முதலாளி ஜீப்பில் வந்து இறங்கி, "நம்ம ஆளுன்னு தெரியாதாய்யா உனக்கு?" என்று கேட்டார். "எனக்குத் தெரியும் மொதலாளி. தண்ணிக்குத் தெரியாது" என்றாராம் இவர். நான் அங்கே இல்லை. இருந்த ருக்குமணியக்கா வந்து சொல்லி, நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரம் எங்கள் மூட்டைக்கு அவர் கழிவு போட்டபோது அந்தச் சிரிப்பு மறந்து போயிற்று.

சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். பேச்சில் அந்த ஊர் வாடை இருக்கும். டீயைத் தேத்தண்ணி என்பார். வீட்டுக்கு வந்தால் அரை டம்ளருக்கு மேல் வாங்கமாட்டார். முழு டம்ளர் கொடுத்தால் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, பாதியை அதில் ஊற்றி என்னிடமே கொடுத்துவிடுவார். "மிச்சம் எதுக்கு தங்கச்சி?" என்பார். கடிதத்தில் "மதிப்பிற்குரிய" என்று எழுதமாட்டார். பஸ்ஸில் பை வைத்துக்கொள்ளமாட்டார், எல்லாம் சட்டைப்பையிலேயே. என் வீட்டுக்காரர் ஒரு முறை, "இவரு சம்சாரம் எப்படித்தான் குடித்தனம் பண்ணுச்சோ" என்றார். அந்த அம்மா முன்னமே தவறிவிட்டது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, எழுந்திருக்கவே இல்லாத வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே இலை விற்ற காசு காணாது. பேக்டரியை வாரத்தில் இரண்டு நாள் மூடினார்கள், பிறகு நான்கு நாள், பிறகு பூட்டுப் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சில பேர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். சில பேர் காட்டேஜ் கட்டுகிற சமவெளிக்காரர்களுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். என் வீட்டுக்காரரும் மேட்டுப்பாளையத்து ஆள் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். இருந்த ஒரு ஏக்கரையும் விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்பது அவர் யோசனை.

"இந்த மண்ண வுட்டுப்போட்டு நான் வரமாட்டேனுங்க" என்றேன்.

"மண்ணத் திங்க முடியுமா புள்ள?" என்றார். கடைசியில், "சரி, சித்திரை முடியட்டும். அதுக்குள்ள உங்க குழு டீ ஓடுச்சுன்னா பார்க்கலாம். இல்லைன்னா எழுதிக் குடுத்துடறேன்" என்று தவணை சொன்னார்.

குழு என்பது நாங்கள் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள். பேக்டரியை நம்பாமல் கொழுந்தாகக் கிள்ளி, வாட்டி, கையாலேயே உருட்டி, காயவைத்துப் பொட்டலம் போட்டோம். நான் செயலாளர். எட்டாவது வரைக்கும் படித்தவள் என்பதால் எனக்கு அந்தப் பதவி. விற்பதற்கு வெப்சைட் வேண்டும் என்றார்கள். ஊட்டியில் கேட்ட தொகைக்கு எங்களால் முடியாது. அப்போதுதான் கழிவுக்காரர் தானே வந்து, "நான் செஞ்சு தாறேன்" என்றார். பேக்டரி ஆபீசில் எடைக்கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏற்றிப் பழகி, வேலை போன பிறகு ஐம்பது வயதுக்கு மேல் தானாகவே உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டோம்.

முதலில் என் எழுத்தில் கை வைத்தார். எங்கள் டீயைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். முருகன் அருள், மலைப்பனி, பன்னிரண்டு வீட்டுப் பெண்களின் உழைப்பு எல்லாவற்றையும் நெஞ்சில் இருந்தபடியே எழுதியிருந்தேன். அவர் அதை நான்கு வரியாக ஆக்கிக் கொண்டுவந்தார். "கையால் உருட்டிய டீ. பன்னிரண்டு வீடுகள். நாங்களே பறிக்கிறோம். நாங்களே அனுப்புகிறோம்."

"என் முருகன் எங்கீங்ணா?"

"படமா இருக்காரு. எழுத்து வேற எதுக்கு?"

பிறகு படங்களுக்கு வந்தார். அவர் செய்து வைத்த ஏற்பாட்டை எனக்கு விளங்குகிறபடி சொல்கிறேன். நாங்கள் யார் எந்தப் படத்தை வெப்சைட்டில் ஏற்றினாலும், உள்ளே போகும்போதே அது தானாக வேறொரு லேசான வகைக்கு மாறிவிடும். வெப்-பி என்று அதற்குப் பெயர். கண்ணுக்கு அதே படம்தான், எடை மட்டும் கால்வாசி கூட இருக்காது. நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஏற்றின பெரிய படத்தை அது வைத்துக்கொள்ளாது, கழித்துப் போட்டுவிடும். அமைப்புப் பக்கத்தில் இதற்கென்று ஒரு டிக் இருந்தது. "இந்த டிக்க மட்டும் யாரும் தொடக்கூடாது. விளங்குதா?" என்று செயலாளரான எனக்குக் காட்டினார்.

இரண்டு முருகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மாற்றின படத்தில் வேலின் பளபளப்பு மங்கிவிட்டது என்றேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"பக்தியோட பாருங்க, தெரியும்."

"பக்தியோட பாத்தா ரெண்டுலயும் முருகன்தான தெரியணும்?" என்று அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் எங்கள் பெண்கள் செய்த கூத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. எல்லோரிடமும் சின்னப் போன். நாலு படம் எடுத்தால் இடம் நிறைந்துவிடும். வெப்சைட்டில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டால் போன் காலியாகிறது என்று ருக்குமணியக்கா கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வெப்சைட் எங்களுக்குப் பொது பீரோவாகிவிட்டது. மகள் சீர், கன்றுக்குட்டி, சம்பந்தி வீட்டுப் புதுத் தளம் எல்லாம் அதில் ஏறின. டீ வாங்க வந்தவர்கள் நடுவே ஒரு காதுகுத்தையும் பார்த்தார்கள். கழிவுக்காரர் வாரா வாரம் உட்கார்ந்து அதையெல்லாம் பின்னால் தள்ளி வைப்பார்.

"இது கடைங்க. ஆல்பம் இல்ல" என்பார்.

"கடைன்னா நாலு மனுசங்க மூஞ்சி இருக்கோணுமில்லீங்க?" என்பாள் ருக்குமணியக்கா. "நீங்கதான் எப்படியும் சுருக்கிப் போடுறீங்களே, எங்க மூஞ்சி எடமா அடைக்குது?"

மாதத்துக்கு ஒரு முறை அவர் சேரம்பாடிக்குப் பஸ் ஏறிப் போவார். அங்கே அவர் தங்கை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் இருந்தது. தங்கையைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு முறை நானும் உறவுக்காரர் வீட்டுக் காரியமாக அதே பஸ்ஸில் போனபோதுதான் தெரிந்தது. லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். தொட்டியோரம் நின்று பழைய போன் ஒன்றில் எங்கள் வெப்சைட்டைத் திறந்துவிட்டு, வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." ஐந்து எண்ணுவதற்குள் பக்கம் முழுதும் வந்துவிட வேண்டும். வராவிட்டால் திரும்பி வந்து எதையாவது குறைப்பார். ஊர் பார்க்க அங்கே நின்று அவர் எண்ணியதிலும், லயத்துப் பெண்கள் குடத்தோடு காத்திருந்ததிலும் எனக்கு மானம் போயிற்று.

"நம்ம டீய வாங்கறவங்க சேரம்பாடியில இல்லீங்களே அண்ணா."

"இங்க திறந்தா எங்கயும் திறக்கும்."

இதனால் வந்த தொல்லைகளும் உண்டு. பொட்டலத்துக்கு லேபிள் அடிக்கக் குன்னூர் பிரஸ்காரருக்கு எங்கள் படத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்து அனுப்பினேன். போனில்தான் அழித்துவிட்டோமே, வேறு படம் இல்லை. அவர் கூப்பிட்டு, "என்னங்கம்மா அனுப்பியிருக்கறீங்க? என் கம்ப்யூட்டர்ல தொறக்கவே இல்லை" என்றார். எப்படியோ திறந்து பெரிதாக்கினால் கொழுந்து கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடி பறித்து, மறுபடி வெயிலுக்குக் காத்திருந்து, மறுபடி படம் எடுத்தோம். கழிவுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "சைட்டு பார்க்கிறதுக்கு. அச்சடிக்கிறதுக்கு இல்ல. போன்ல அழிக்கச் சொன்னது நானா?" என்றார். அவர் சொல்லவில்லைதான்.

பங்குனி மாதம் திருச்செந்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கோயில் வழியில் காபித்தூள், டீத்தூள் கடை. யாரோ சொல்லி எங்கள் எண் கிடைத்ததாம். பிடித்திருந்தால் மாதா மாதம் எடுத்துக்கொள்கிறேன், வைகாசி விசாகக் கூட்டத்துக்கு முன்னால் முடிவு சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் வெப்சைட்டைப் பார்க்கிறேன் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. மற்ற ஊரெல்லாம் இருக்க, திருச்செந்தூரிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றால் அனுப்பினது யார்? என் ஒரு ஏக்கரைக் காப்பாற்ற அவனே ஆள் விட்டிருக்கிறான் என்று நம்பினேன்.

அப்படிப்பட்டவர் பார்க்கும்போது முருகன் சுருங்கிப் போய் நிற்பதா? கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற ஒருவரைக் குன்னூரிலிருந்து வரச்சொல்லி, சாமி படத்தையும் கொழுந்தையும் தோட்டத்தையும் பெரிய கேமராவில் எடுக்கச் செய்தேன். நாற்பது படம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, அமைப்புப் பக்கத்துக்குப் போய் அந்த டிக்கை எடுத்தேன். நாற்பதையும் அப்படியே ஏற்றினேன். வேல் பளபளவென்று வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் மாரியம்மனுக்குப் பூக்குண்டத் தீமிதி என்பதை நான் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வீட்டுக்காரிகளும் திருவிழாப் படத்தையெல்லாம் வழக்கம்போல் வெப்சைட்டில் ஏற்றினார்கள். ஏறினதெல்லாம் முழுப் பாரத்தோடு ஏறியது. அதோடு விட்டார்களா? திருப்பூர், கோயமுத்தூர், பெங்களூர் என்று ஊர்விட்டுப் போன சொந்தக்காரர்களுக்கெல்லாம் "எங்க சைட்டுல பாருங்க" என்று அனுப்பினார்கள். அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திருச்செந்தூர் அம்மா கூப்பிட்டார். "என்னம்மா, உங்க பக்கம் தொறக்கவே மாட்டேங்கு. வெள்ளையாக் கெடக்கு, ஒரு வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. எங்க கடையில சிக்னலு அவ்வளவுதாம்."

"கொஞ்சம் பொறுங்கம்மா, வந்துரும்" என்றேன். வரவில்லை. மத்தியானம் என் போனிலேயே திறந்து பார்த்தேன். இந்த மாதத்துக்கு வெப்சைட் காட்டலாம் என்றிருந்த அளவு முடிந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் நின்றது. முருகனும் இல்லை, கொழுந்தும் இல்லை. மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். கழிவுக்காரர் கிடைத்த பஸ்ஸில் வந்து நின்றார். அவருக்கு உட்காரப் பாய் கூட யாரும் போடவில்லை.

"அன்னிக்கு எங்க கொழுந்துல கழிச்சீங்க" என்று ஆரம்பித்தாள் ருக்குமணியக்கா. "அப்புறம் எங்க படத்துல கழிச்சீங்க. இப்ப சைட்டையே கழிச்சுப் போட்டீங்க. திருப்திங்களா?"

"ஏனுங்க, மாசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்குதுன்னு மின்னாடியே சொல்லோணுமில்ல?" என்றாள் இன்னொருத்தி.

"சொல்லியிருக்கேன்" என்றார் அவர். "அந்த அளவு பத்தாம போகக்கூடாதுன்னுதான் டிக் போட்டு வெச்சேன். வெள்ளிக்கிழமை அதை எடுத்திருக்காங்க."

"யாரு எடுத்தா? உங்களத் தவிர யாருக்குங்க அதெல்லாம் தெரியும்?"

தினம் இரண்டு வேளை விளக்கேற்றுகிறவள், பொய் பேசமாட்டேன் என்று பெயரெடுத்தவள், தூணில் சாய்ந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். அவர் மேல் பேச்சு விழுந்துகொண்டே இருந்தது. அவர் தன் போனை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார்.

"யார் எடுத்ததுன்னு பேரு இதுல விழுந்திருக்கு. வாசிக்கட்டா?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. போனைப் பார்த்துக் கேட்டார். ஆனால் வாசிக்கவும் இல்லை, அப்படியே நின்றார். மாரியம்மன் எதிரே இருந்தாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து நின்றேன். திருச்செந்தூர் அம்மாவின் போனிலிருந்து ஆரம்பித்து, வேல் மங்கியது, ஒரு ஏக்கர், வீட்டுக்காரர் சொன்ன தவணை, திருப்பூர், படக்காரர், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

கழிவுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "டிக்க எடுத்தது நான்தான்னு ஒரு வரியில சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில், என் குற்றவுணர்ச்சி பாதி போய்விட்டது. ருக்குமணியக்கா முதலில் சிரித்தாள். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். என்னைத் திட்ட வந்த வாய்களெல்லாம் அவரைத் திட்டப் போயின. அவர் அதை வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அப்படி யோசிக்கிற ஆள் இல்லை அவர்.

"படம் வேணாம்" என்றார். "பொட்டலத்தையே அனுப்புவோம். நாளைக்குக் காலையில ஒவ்வொரு வீட்டுலயும் கொஞ்சம் டீ எடுத்து வைங்க."

மறுநாள் வீடு வீடாக வந்து வாங்கினார். என் வீட்டில் மட்டும் மேல் பாதியில் பறித்தது தனியாக, கீழ்ப்பாதியில் பறித்தது தனியாகக் கேட்டார். எல்லாம் ஒரே தோட்டம்தானே என்றேன்.

"இல்ல. கீழ ஓடைப்பக்கம் வெயில் வராது. உங்க மூட்டையில அந்த எலை எத்தனை வருசமா என் கையில பட்டிருக்கு."

ஒன்றில் மேல் என்றும் இன்னொன்றில் கீழ் என்றும் எழுதி, எல்லாவற்றையும் பஸ் பார்சலில் போட்டார். ஐந்தாம் நாள் திருச்செந்தூர் அம்மா கூப்பிட்டார். பன்னிரண்டு வீட்டில் எட்டு வீட்டு டீயை மாதா மாதம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "மேலன்னு எழுதுன பொட்டலம் நல்லா மணக்குது தாயி. கீழன்னு எழுதுனது வெறுங் கசப்பு, அது வேண்டாம்."

மற்ற ஏழு வீட்டுக்கும் சந்தோஷம். எனக்குப் பாதி ஏக்கருக்குத்தான் ஆர்டர். சித்திரையும் நெருங்கிவிட்டது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து அரை டம்ளர் தேத்தண்ணி குடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்.

"கீழ்ப்பாதிய வித்துடுங்க."

"நான் உங்களக் கேக்கவே இல்லீங்களே அண்ணா."

"கேக்கத்தான் போறீங்க."

"என் மாமனாரு கல்லு பொறுக்கி, கையால குழி எடுத்து வெச்ச செடிங்க அது."

"விளங்குது. ஆனா அதுல இருந்து வர்றத யாரும் வாங்கமாட்டாங்க." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

மூட்டையில் கழித்தார், என் எழுத்தில் கழித்தார், முருகன் படத்தில் கழித்தார். இப்போது என் நிலத்திலும் பாதியைக் கழிக்கச் சொல்கிறார். மூன்றாம் நாள் கோயிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் முழுதும் வைத்துக்கொள்வது, சிவப்பு வந்தால் முழுதும் விற்றுவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். பாதிக்கு ஒரு பூ வைக்க எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளை வந்தது.

ஓடி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாமி வாக்கை மறுத்துப் பேசவில்லை. "சரி புள்ள. முழுசா வெச்சுக்குவோம். ஆனா மேல்பாதி டீய வெச்சுட்டு ரெண்டு பேரு சாப்பிட முடியாது. நான் திருப்பூர் போயி வேலை பாத்து அனுப்பறேன். நீ இங்க தோட்டத்தப் பாத்துக்க. கீழ்ப்பாதிய வித்தா, அந்தக் காசுல மேல கொட்டாய் போட்டு, ரெண்டு பேரும் இங்கயே டீ செய்யலாம். நீயே சொல்லு."

அதன் பிறகு நான் பூவைப் பற்றிப் பேசவில்லை. சித்திரை முடிவதற்குள் மேட்டுப்பாளையத்துக்காரருக்குக் கீழ்ப்பாதியை எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த வருடமே மகள் கூப்பிட்டாள் என்று கழிவுக்காரர் திருப்பூர் போய்விட்டார். போகும்போது பாஸ்வேர்டு எழுதின சீட்டை என்னிடம் கொடுத்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். சில வருடம் கழித்து அங்கேயே தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது கீழ்ப்பாதியில் மூன்று காட்டேஜ்கள் நிற்கின்றன. சனி, ஞாயிறு பாட்டுச் சத்தம் மேலே வரும். ஒவ்வொரு கிருத்திகைக்கும் விளக்கேற்றிவிட்டு முருகனிடம் ஒன்றைக் கேட்கிறேன். நீ முழுதும் வைத்துக்கொள் என்றாய், நான் அந்த மனிதர் சொன்னதைக் கேட்டுப் பாதியைக் கொடுத்துவிட்டேனே, இது குற்றமா? சாமி பதில் சொல்வதில்லை. அவரைத் திட்டலாம் என்றால் அவரும் இல்லை. போன கிருத்திகையன்று நான் இப்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தது வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது.

"முழுசா வெச்சிருந்தா, இப்ப நீ மட்டுந்தான் இங்க உக்காந்து கும்பிட்டுட்டு இருந்திருப்ப" என்றார்.

"சாமி சொன்னது வேறீங்க."

"சாமிகிட்ட அப்புறம் பேசிக்கலாம். வெயில் ஏறுது புள்ள, கொழுந்து முத்திப்போகும்." கூடையை எடுத்துக்கொண்டு அவர் மேலே நடந்தார். விளக்கைத் தூண்டிவிட்டு, என் கூடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.